சுயநினைவுடன் உள்ளார்

இரவு இரண்டு பத்துக்கு
சாப்டூர்ப் பக்கமிருந்து நூற்றெட்டு கொண்டுவந்து இறக்கியது
வெள்ளிமலையை, வயது முப்பத்தெட்டு.
கைலியைக் கத்தரித்தபோது
மக்காச்சோளத் தோகையின் சுணை
என் முழங்கையில் ஏறி அரித்தது.
இடது தொடையிலும் அடிவயிற்றிலும்
நாட்டுத்துப்பாக்கியின் பால்ரஸ் குண்டுகள்.
எக்ஸ்ரேயில் பார்க்க,
சைக்கிள் கடையில் யாரோ டப்பாவைத் தட்டிவிட்டதுபோல் கிடந்தன.

பன்றிக்கு வைத்த குறி என்றார்கள் கூட வந்தவர்கள்.
இல்லை, கீழே விழுந்து வெடித்தது என்றார்கள்.
அப்புறம் கூட வந்தவர்களைக் காணோம்.

அவன் மட்டும் பேச்சை மாற்றவில்லை.
"அடேய் ஆண்டிச்சாமி, நாந்தாண்டா,
லைட்ட அடிச்சுப் பாருடா, நாந்தாண்டா."
வலிக்கு அது ஒன்றுதான் மனப்பாடம்.
தரைவிரிசலில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறும்போதெல்லாம்
முதலிலிருந்து ஒப்பித்தது.

மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி.
ஒன்று என் இடுப்பில், ஒன்று டாக்டர் ஷாகிராவிடம்.
ஏட்டு கதவோரம் வந்து தொப்பியைக் கழற்றினார்.
"மயக்கத்தில போட்டுறாதீக சிஸ்டர்.
மாஜிஸ்திரேட் கெளம்பிட்டாக.
ஆளு தெளிவா இருக்காருன்னு டாக்டரம்மா எழுதணும்ல,
இல்லாட்டி கோர்ட்டுல அந்தப் பேப்பரு வெங்காயத் தொலி."

"வலியில கத்துறது தெளிவா?"
டாக்டர்தான் கேட்டார், கையுறையை இழுத்துவிட்டபடி.
ஏட்டு தன் பூட்ஸைப் பார்த்தார்.
பாவம், அவருக்கும் நிரப்ப ஒரு பதிவேடு இருக்கிறது.

பிரஷர் எண்பது.
இரண்டு பாட்டில் ரத்தம் ஏறித் தொண்ணூற்றாறைத் தொடும்வரை
சாவி இடுப்பிலேயே கனத்தது.
பிறகு ஓர் ஆம்பூல்.
கழுத்தில் அரம் இழுத்து ஒடித்தேன்.
பத்து மில்லியாக்கி இரண்டிரண்டாக.
இரண்டு. மூச்சை எண்ணு, முப்பத்திரண்டு.
இரண்டு. இருபத்தாறு.
மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்
கட்டில் கம்பியிலிருந்து அவன் விரல்கள்
ஒவ்வொன்றாகக் கழன்றன,
கடைசி பஸ்ஸில் நின்றபடி தூங்குகிறவனுக்குக் கழல்வதுபோல.
கண்மணி கடுகாகிவிட்டது.
"சிஸ்டர்" என்றான், முதல்முறையாக என்னைப் பார்த்து.
"தண்ணி தருவீகளா?"
ஆபரேஷன் இருக்கிறது, தரக்கூடாது.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.

கோரிப்பாளையத்தில் லாரி மறித்துக்கொண்டதாம்,
நடுவர் வந்தபோது மூன்றரை.
பேர் கேட்டார். சொன்னான்.
கிழமை கேட்டார். "விடிஞ்சா வெள்ளி."
எங்கே இருக்கிறாய்?
"பெரியாஸ்பத்திரி. மருதை."
சுயநினைவுடன் உள்ளார் என்று எழுதி
டாக்டர் கையெழுத்திட்டார், நேரம் போட்டார்.

யார் சுட்டது?

வெள்ளிமலை ஃபேனைப் பார்த்தான்.
அது ஓடவில்லை.
"ஆரும் சுடலய்யா. வரப்பு வழுக்குச்சு.
எங்கையிலதான் இருந்துச்சு துப்பாக்கி."

நடுவர் எழுதினார், வாசித்துக் காட்டினார்,
இடது கட்டைவிரலில் மை தடவினார்கள்.
நர்ஸை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மருந்துதான் பேசியதா?
எட்டு மில்லிகிராமுக்குள் அவ்வளவு இடம் உண்டா?
குமட்டல், அரிப்பு, மூச்சு மந்தம்
என்றுதான் அட்டையில் அச்சடித்திருக்கிறது.
பெண்டாட்டியின் தம்பியைக் காப்பாற்றுதல்
என்று எங்கும் போடவில்லை.
அல்லது வலிதான் இவ்வளவு நேரமும்
அவனைப் பேசவிடாமல் தான் பேசிக்கொண்டிருந்ததா?
தெரியவில்லை. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எடுத்தது பத்து. கொடுத்தது எட்டு.
கொட்டியது இரண்டு, சாட்சி முன்னிலையில்.
உடைந்த ஆம்பூல் ஒன்று திரும்ப ஒப்படைக்கப்பட்டது.
இரண்டு கையெழுத்து.

மாடிப்படித் திருப்பத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்,
ஒரு காலில் மட்டும் செருப்பு,
தலைமுடியில் சோளத்தோகைத் துணுக்கு.
எழுந்தான். பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வலிக்குதா அவருக்கு?"
"இப்ப இல்ல."
"எதும் பேசுனாரா சிஸ்டர்?"

"தண்ணி கேட்டார்" என்றேன்.